முதலாம் பிள்ளையா, முன்னின்று நடத்தும் பிள்ளையா? யாழ்ப்பாணப் பெற்றோரும் கழகத்தாரும் கேட்கும் கேள்விகள்

இளைஞர் கழகத்திலோ சனசமூக நிலையத்திலோ தலைமைத்துவப் பயிற்சி பற்றிப் பேசப் போனால், கூட்டத்துக்குள் யாரும் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் வாசலில் மறித்துக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி, கீழே என் பதிலை வைத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டவை, ஆசிரியர் கேட்டவை, கழக நிர்வாகத்தினர் கேட்டவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. வேண்டியதை மட்டும் வாசிக்கலாம்.

போட்டியே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. போட்டி ஒரு பிள்ளையின் திறமையை வெளியே கொண்டுவரும். சில வேளை கூட்டியும் விடும். 1898இலேயே நோர்மன் ட்ரிப்லெற் என்ற அமெரிக்க உளவியலாளர் சைக்கிள் ஓட்டப் பதிவேடுகளைப் பார்த்து, தனியே ஓடுவதைவிட மற்றவர்களோடு போட்டியிட்டு ஓடும்போது வேகம் கூடுகிறது என்று எழுதினார். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் போட்டியில் வெல்லும் பழக்கம் வேறு, நாலு பேரைச் சேர்த்து ஒரு வேலையை முடிக்கும் பழக்கம் வேறு. முதலாவதற்கு இங்கே முன்பள்ளி விளையாட்டுப் போட்டியிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. இரண்டாவதற்கு ஒரு பயிற்சியும் கொடுக்காமல், இருபது வயதில் ஒருவரைக் கதிரையில் இருத்தி மாலையும் போட்டு, "தம்பி, இனி நீர்தான் தலைவர்" என்கிறோம். அவர் தடுமாறினால், "இந்தக் காலத்துப் பெடியளுக்குப் பொறுப்பு இல்லை" என்று பேச்சு வேறு.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலும், பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல்.லும் போட்டிப் பரீட்சைகள். பக்கத்துப் பிள்ளைக்கு உதவு என்று என் மகனுக்கு எப்படிச் சொல்வேன்?

நியாயமான கேள்வி. ஒரு தகப்பன் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "அவன் ஒரு படி ஏறினால் என்ர பிள்ளை ஒரு படி இறங்குது." பல்கலைக்கழக அனுமதி முறையைப் பார்த்தால் அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிகிறது, மிச்சம் 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அப்படியென்றால் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடங்களுக்கு யாழ்ப்பாணப் பிள்ளைகளே தங்களுக்குள் மோதுகிறார்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வெட்டுப்புள்ளி தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் வரை போகிறது. பயம் வரத்தான் செய்யும்.

சரி, கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2001 முதல் நடைமுறையில் உள்ள இசற் புள்ளி, ஒரு பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் உங்கள் மகனின் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டும் அளவு. பக்கத்து வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பத்துப் புள்ளி கூடினால் நாடளாவிய சராசரி அசையாது. மாவட்ட நிலையில், அந்த ஒரு பிள்ளை முந்தினால் அதிகபட்ச நட்டம் ஒரு இடம். நாலு பேர் சேர்ந்து படித்து நாலு பேரும் உயர்ந்தால், ஒவ்வொருவருக்கும் போகக்கூடியது மூன்று இடம். அதே வேளையில் அவர்கள் எல்லோருமாக மாவட்டத்தில் முந்திச் செல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? நோட்ஸை ஒளித்து வைப்பதால் காப்பாற்றக்கூடியது அந்த மூன்று இடம் மட்டும்தான்.

இன்னொன்று. ரியூட்டரியில் இருநூறு பேருக்கு நடுவில் இருந்து எழுதி எடுப்பதில் விளங்காத இடம் அப்படியே விளங்காமல் கிடக்கும். நாலு பேர் பின்னேரம் கூடி இருந்து, ஒருவர் மற்றவருக்குச் சேதன இரசாயனத்தில் ஒரு தாக்கத்தை விளக்கப் பார்க்கும்போதுதான் யாருக்கு எங்கே ஓட்டை என்று தெரியவரும். பெரும்பாலும் விளக்குகிறவருக்கே ஓட்டை இருக்கும்.

கடைசி மாதங்களில் நேரம் வைத்துக் கடந்தகால வினாத்தாள் செய்வதைத் தனியே செய்யட்டும், அது தனியாட்ட வேலைதான். ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை பற்றி எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு: பத்து வயதுப் பிள்ளையின் படத்தைப் போட்டுச் சந்தியில் பதாகை கட்டாதீர்கள். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையும் அந்தச் சந்தியால்தான் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகிறது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஏதும் உண்டா, அல்லது நல்ல மனம்தானா?

உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

மோற்றன் டொய்ச் என்பவர் 1949இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு, குழுவாகச் செய்த வேலைக்கு எல்லோருக்கும் ஒரே பெறுபேறு. மற்றக் குழுக்களில் உள்ளுக்குள்ளேயே ஒன்றாமிடம், இரண்டாமிடம் என்று வரிசை. முதல் வகைக் குழுக்களில் பேச்சு சுமுகமாகப் போனது, ஒருவர் சொன்னதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டார், வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அவர் இதிலிருந்து எடுத்த கருத்து எளிமையானது: என் வெற்றி உன் வெற்றியோடு கட்டப்பட்டிருந்தால் நான் உனக்கு உதவுவேன், உன் தோல்வியோடு கட்டப்பட்டிருந்தால் காலை வாருவேன். பிள்ளையின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் பரிசை எப்படிக் கட்டி வைத்திருக்கிறோம் என்று பார்க்கச் சொல்கிறது இது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

இரண்டாவது, கேர்ட் லெவினும் அவரது மாணவர்களும் 1939இல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஐயோவாவில் பத்து வயதளவான சிறுவர்களுக்குக் கைவேலைக் கழகங்கள் அமைத்தார்கள். முகமூடி செய்வது போன்ற வேலைகள். ஒரு கழகத்தில் பொறுப்பாளர் எல்லாவற்றையும் தானே கட்டளையிட்டார். இன்னொன்றில் பிள்ளைகளோடு கலந்து பேசி முடிவெடுத்தார். மூன்றாவதில் சும்மா விட்டுவிட்டார். கட்டளைக் கழகத்திலும் வேலை நடக்கத்தான் செய்தது. ஆனால் பொறுப்பாளர் அறையை விட்டு வெளியே போனதும் அது படுத்துவிட்டது. கலந்து பேசிய கழகத்தில் அவர் போன பிறகும் வேலை ஓடியது. ஒரு கழகத் தலைவரை அளக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது: அவர் ஒரு மாதம் கொழும்புக்குப் போனால் கழகம் என்ன ஆகும்?

மூன்றாவது, முசாபர் ஷெரிப் 1954இல் ஒக்லஹோமாவில் நடத்திய கோடைகால முகாம். 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கி, பரிசுக்குப் போட்டி வைத்தார். சில நாட்களிலேயே ஒரு அணி மற்ற அணியின் கொடியை எரித்தது. கொட்டிலுக்குள் புகுந்து சாமானைக் கிளறினார்கள். சமாதானமாக்க இரு அணியையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள். அவர்கள் சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. சாப்பாடு ஏற்றிவர வேண்டிய லொறி கிளம்ப மறுத்தது. இரு அணியும் சேர்ந்தால்தான் லொறியை இழுக்கலாம். முன்பு கயிறிழுத்தல் போட்டிக்கு எடுத்த அதே கயிற்றால் சேர்ந்து இழுத்தார்கள். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வேலை வந்த பிறகுதான் பகை தணிந்தது.

இந்த மூன்றாவது ஆய்வை அப்படியே நம்பாமல் கொஞ்சம் கவனமாக எடுக்க வேண்டும். நின்ற தண்ணீரும் கிளம்பாத லொறியும் ஆய்வாளர்களே ஒழுங்குபண்ணிய நாடகம். அதற்கு முந்திய வருடம் வேறொரு முகாமில் இதையே செய்யப் பார்த்தபோது, முதலிலேயே சிநேகிதமாகிவிட்ட சிறுவர்கள் சண்டை பிடிக்க மறுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த மறுத்த சிறுவர்களைப் பற்றித்தான் பாடப்புத்தகங்கள் கூடுதலாக எழுதியிருக்க வேண்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டியும் பெரும் போர்களும் தலைவர்களை உருவாக்கவில்லையா?

உருவாக்கியிருக்கின்றன. யாழ் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியான வடக்கின் பெரும் போரைப் பாருங்கள். மைதானத்துக்குள் விட்டுக்கொடுப்பே இல்லை. ஆனால் அந்தப் போட்டி நடப்பதற்கு இரண்டு பள்ளிக்கூடமும், இரு பக்கத்துப் பழைய மாணவரும் திகதி, நடுவர், பாதுகாப்பு என்று எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. போட்டிக்கு அடியில் ஒத்துழைப்பு படுத்திருக்கிறது, அது படத்தில் வருவதில்லை, அவ்வளவுதான்.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று நடக்கும் பட்டப் போட்டி இன்னும் நல்ல உதாரணம். ஆளைவிடப் பெரிய பட்டங்கள், கப்பல் என்றும் விலங்கு என்றும் விதம்விதமான உருவங்கள். பரிசு ஒருவருக்குத்தான். ஆனால் அப்படி ஒன்றை ஒருவர் தனியே கட்டி ஏற்ற முடியாது. மூங்கில் சீவுகிறவர், முச்சை (பட்டத்தை நூலோடு பிணைக்கும் கட்டு) கட்டத் தெரிந்தவர், ஏற்றும்போது தூக்கிப் பிடிக்கும் சின்னப் பெடியள் எல்லோரும் வேண்டும். முச்சை பிழைத்தால் பட்டம் குத்தும், அதை எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே அந்த வேலை தெரிந்தவனிடம்தான் அந்த வேலை போகும், தலைவரின் மச்சான் என்பதற்காக யாரிடமும் போகாது.

போட்டி எப்போது பயன் தரும் என்று கேட்டால், அது குழுவுக்கும் குழுவுக்கும் இடையில் இருக்க வேண்டும், விதி தெளிவாக இருக்க வேண்டும், ஒரு நாளில் முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இல்லப் போட்டி மாலை ஆறு மணிக்கு முடிந்து, அடுத்த நாள் நீல இல்லமும் சிவப்பு இல்லமும் ஒரே வகுப்பில் இருக்கின்றன. வகுப்பு நிலை அப்படி இல்லை. ஒன்றாம் பிள்ளை, பதினேழாம் பிள்ளை என்ற எண் பதின்மூன்று வருடம் ஒரே முதுகில் ஒட்டியிருக்கும்.

குழு வேலை கொடுத்தால் ஒருவர் செய்ய மூன்று பேர் பெயர் போடுகிறார்கள். என்ன செய்வது, சேர்?

ஆசிரியர்கள் எல்லோரும் கேட்பது. பெயர் போடும் மூன்று பேரைத் திட்டிப் பயனில்லை. ஒருவரே செய்யக்கூடிய வேலையை நாலு பேருக்குக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும்.

எலியற் அரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதுவரை பிரித்து வைக்கப்பட்ட வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஸ்பானிய வழிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டு, வகுப்பறை கொதித்துக்கொண்டிருந்த நேரம். அவர் ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றத் துண்டுகளை அறிய வேண்டுமானால் மற்றவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். கடைசியில் சோதனை முழுப் பாடத்திலும், தனித்தனியாக.

இதை எட்டாம் தர வரலாற்றில் நாளைக்கே செய்யலாம். யாழ்ப்பாண இராச்சியம் என்று எடுங்கள். ஒருவருக்கு ஆரியச்சக்கரவர்த்திகள், ஒருவருக்கு வணிகமும் துறைமுகமும், ஒருவருக்கு நல்லூர், ஒருவருக்கு 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றிய கதை. துறைமுகம் கிடைத்த பிள்ளை வாயே திறக்காத பிள்ளையாக இருக்கலாம். மற்ற மூன்று பேரும் அந்தப் பிள்ளையிடம் பொறுமையாகக் கேட்டுப் பிடுங்கியே ஆக வேண்டும். அப்படிப் பொறுமையாகக் கேட்டு எடுக்கிற பிள்ளையைக் கவனியுங்கள். அடுத்த வருடம் மாணவத் தலைவர் தேடும்போது உதவும்.

அப்படியென்றால் மாணவத் தலைவர்களைப் புள்ளி பார்த்துத் தெரிவுசெய்யக் கூடாதா?

புள்ளி மட்டும் பார்க்கக் கூடாது. வாக்கெடுப்பு மட்டும் வைத்தாலும் சரிவராது, பகிடி விடத் தெரிந்தவரும் துடுப்பாட்டக்காரரும் வென்றுவிடுவார்கள்.

ஒரு சின்ன வழி: பிள்ளைகளிடம் பெயர் எழுதாத துண்டு கொடுத்து, "நாங்கள் அனுராதபுரம் போகிறோம், பஸ் பழுதாகி இரவு நடுவழியில் நிற்கிறது, ஆசிரியர் உதவி தேடிப் போய்விட்டார். யார் பொறுப்பில் இருக்க விருப்பம்?" என்று கேளுங்கள். வரும் பெயர்கள் ஆச்சரியமாக இருக்கும். சிலர் முதல் பத்துக்குள் இருக்க மாட்டார்கள்.

பிறகு சாரணர் முறையைப் பாருங்கள். 1907இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் வைத்தபோது, பணக்காரப் பள்ளி மாணவரையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து, சிறு அணிகளாக்கி, அவர்களுக்குள்ளேயே ஒருவரை ஒவ்வொரு அணிக்கும் தலைவராக்கினார். அணியின் கூடாரத்தைப் பார்த்துத்தான் மதிப்பு, அணித் தலைவரின் முடிச்சைப் பார்த்து இல்லை. ஆகவே தலைவர் தன் முடிச்சைப் போட்டு முடித்ததும் அணியில் சின்னவனின் முடிச்சைப் பார்க்கப் போய்விடுவார். நமது பள்ளிகளில் சாரணியம் நூறு வருடத்துக்கு மேலாக இருந்தும், அதன் இந்தப் பகுதியை வகுப்பறைக்குள் கொண்டுவர நாங்கள் நினைக்கவில்லை.

கூட்டுறவு என்றால் சங்கக் கடைதானே? அதற்கும் தலைமைக்கும் என்ன தொடர்பு?

இப்படிக் கேட்கும் பிள்ளைகளில் குறை இல்லை. அவர்கள் கண்டது மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் நின்ற வரிசையைத்தான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் பொதுவாழ்வுக்கு வந்த பலர் பழகிய இடம் அதுதான். மூளாயில் 1930களில் ஊர் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே கட்டி நடத்தத் தொடங்கினார்கள். அரசாங்கம் கட்டித் தரும் வரை காத்திருக்கவில்லை. நாடகமும் கூட்டமும் பார்க்கப் போகும் வீரசிங்கம் மண்டபத்தின் பெயருக்குரியவர் வி. வீரசிங்கம். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர், வடக்கின் கூட்டுறவு இயக்கத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர், பிறகு 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியில் பாராளுமன்றம் போனவர். 1970களில் கள்ளிறக்கும் தொழிலாளர்கள் தங்கள் சங்கங்களை அமைத்தபோது, அதுவரை குத்தகைக்காரரின் கையைப் பார்த்து நின்றவர்கள் கணக்குப் பார்க்கவும் கூட்டம் நடத்தவும் தொடங்கினார்கள்.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு விதி. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளர்களின் கடையிலிருந்து இன்று வரை கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்று, ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்று. அந்த அமைப்பில் காசால் வெல்ல முடியாது, சத்தத்தாலும் நீண்ட நாள் வெல்ல முடியாது. ஆட்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கதைத்துச் சம்மதிக்க வைக்க வேண்டும். வீரசிங்கம் போன்றவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

பல சங்கங்கள் பிறகு அரசியல் நியமனத்தாலும் கவனக்குறைவாலும் சோர்ந்து போனதும் உண்மைதான். அதை மறைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தேவையில்லை. ஏன் சோர்ந்தது என்று தேடச் சொன்னால் அதுவே ஒரு மாத வேலை.

நம் ஊரில் இளைஞர்களே முன்னின்று நடத்திய பெரிய உதாரணம் ஏதாவது?

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். 1924இல் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கியது, ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்கள் முன்னின்றார்கள். கிறிஸ்தவரும் சைவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். தீண்டாமைக்கு எதிராகப் பேசினார்கள். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது வரவேற்பில் பெரும்பங்கு இவர்களுடையது. ஒரு பெரும் தலைவரை அழைத்து, ஊர் ஊராகக் கூட்டம் ஒழுங்குபண்ணி, கதர் நிதி சேர்ப்பது என்றால் எத்தனை பேர் நடையாய் நடந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள், குடாநாட்டில் யாரும் வேட்பாளராக நிற்கவில்லை. அது புத்திசாலித்தனமா, கொழும்பில் யாழ்ப்பாணத்தின் குரல் இல்லாமல் போக வழிவிட்டதா என்று இன்றைக்கும் வாதாடலாம். பிள்ளைகளை வாதாடவிடுங்கள். ஒத்துழைத்து எடுத்த முடிவு எல்லாம் சரியான முடிவாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றாலே சண்டை. தோற்றவர் புதுக் கழகம் தொடங்குகிறார். எப்படி நிறுத்துவது?

ஒரு ஊரில் இரண்டு விளையாட்டுக் கழகம், இரண்டு மைதானம், இரண்டு சீருடை. ஆனால் உதைபந்தாட்டத்துக்குப் பதினொரு பேர் இரண்டிலும் இல்லை. இது அரிதான காட்சி இல்லை.

என் கணிப்பில், நாங்கள் தலைவர் கதிரையில் மரியாதையை முழுக்கக் குவித்து, வேலையை முழுக்கச் செயலாளரிடம் விட்டிருக்கிறோம். மாலை, மங்கள விளக்கு, பரிசளிப்பு மேடை, பத்திரிகைப் படம் எல்லாம் தலைவருக்கு. அப்படி இருந்தால் எல்லோரும் அதற்குத்தான் அடிபடுவார்கள். யாப்பில் சில மாற்றம் செய்யலாம். ஒருவர் தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் தலைவராக இருக்க முடியாது. மாதாந்தக் கூட்டங்களை நிர்வாக உறுப்பினர்கள் மாறிமாறி நடத்த வேண்டும், தலைவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். பரிசளிப்பில் மேடையில் இருப்பவர் அன்றைய போட்டியை ஒழுங்குபண்ணிய குழு. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் செய்தாலே பாதிச் சண்டை குறையும், ஏனென்றால் பாதிச் சண்டை காசைப் பற்றிய சந்தேகம்.

தோற்றவருக்கு என்ன? "ஆலோசகர்" என்று வெறும் பெயர் கொடுக்காதீர்கள். ஒரு முழு வேலையைக் கொடுங்கள், அதற்கான காசோடு, கையெழுத்துரிமையோடு. சுற்றுப்போட்டி முழுவதும் அவருடைய பொறுப்பு என்றால் அவர் கழகத்தை விட்டுப் போக நேரம் இருக்காது.

ஏற்கனவே உடைந்துவிட்டதா? சமரசக் கூட்டமும் தேநீரும் வைத்துப் பலன் இல்லை. முகாமில் சாப்பாடு எறிந்த கதைதான் நடக்கும். இரு கழகமும் தனித்தனியே செய்ய முடியாத வேலை ஒன்றைத் தேடுங்கள். குடாநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லோர் கிணற்றிலும் வருகிறது. இந்தக் கழகத்துக்காரர் வீட்டுக் கிணறு, அந்தக் கழகத்துக்காரர் வீட்டுக் கிணறு என்று நிலத்துக்கு அடியில் வேலி இல்லை. சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவெண்ணெய் கலந்தபோது அது எல்லோருக்கும் தெரிந்தது. மாரிக்கு முன்னால் ஊர்க் குளத்தைத் தூர்வாருவது, வாய்க்காலைத் திறப்பது, கார்த்திகை மார்கழியில் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்குவது போன்றவை ஒரு கழகத்தால் முடியாதவை. உங்கள் பக்கத்து வீதியில் நுளம்பு இருந்தால் அது உங்கள் கழகச் சீருடையைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

ஒத்துழைப்பு எப்போதும் நல்லதா?

இல்லை. யாழ்ப்பாணத்தில் சாதியும் ஒரு வகை ஒத்துழைப்பால்தான் நின்றது. உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நன்றாகவே தாங்கிக்கொண்டார்கள், வெளியே நிற்பவரைக் கிணற்றடிக்கும் கோயிலுக்குள்ளும் விடாமல் இருப்பதில் கூட ஒற்றுமையாக இருந்தார்கள். இன்றைக்கும் சில சனசமூக நிலையங்களின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் எந்தக் குறிச்சி உள்ளே, எந்தக் குறிச்சி இல்லை என்று ஊர்க்காரருக்கு விளங்கும்.

ஆகவே இளைஞர்களுக்குப் பயிற்சி வைக்கும்போது குழுவை அவர்களே பிரித்துக்கொள்ள விடாதீர்கள். விட்டால் ரியூட்டரிச் சிநேகிதம், சொந்தம், குறிச்சி என்றுதான் பிரிவார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். முதல் நாள் முறுகல் இருக்கும், இருக்கட்டும். குழுவையும் நிரந்தரமாக வைக்காமல் வேலைக்கு வேலை கலைத்துப் புதிதாகப் பிரியுங்கள்.

பெண் பிள்ளைகள் ஏன் செயலாளருக்கு மேல் போவதில்லை?

1824இலேயே உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய இடம் இது. இன்று பல்கலைக்கழகத்துக்குள்ளும் அவர்களே அதிகம். கழகத்துக்குள் வந்ததும் கூட்டக் குறிப்பு எழுதும் கொப்பி அவர்கள் கைக்குப் போகிறது, கையெழுத்து வடிவாம்.

காரணம் பல, அதில் ஒன்று உடனே தீர்க்கக்கூடியது: கூட்டம் இரவு ஏழு மணிக்கு. எந்த அம்மா விடுவார்? சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மாற்றுங்கள். பிறகு கொப்பியை மாறிமாறி எழுதச் செய்யுங்கள், ஆண்களின் கையெழுத்தும் திருந்தும்.

என் பிள்ளை சரியான கூச்சம். தலைவராக வருமா?

மேடையில் பேசுவதைத் தலைமை என்று எடுத்துக்கொண்டால் கஷ்டம். இறப்பு வீட்டில் கவனித்துப் பாருங்கள்: கதிரை, பந்தல், தேநீர், பறை, ஐயர், ஈமக்கிரியைச் சாமான் எல்லாம் ஒருவர் சத்தம் போடாமல் ஒழுங்குபண்ணிக்கொண்டிருப்பார். அவர் ஒலிவாங்கியைத் தொட்டிருக்க மாட்டார். பிள்ளையை இரண்டு மூன்று பேரின் பொறுப்பில் இருந்து தொடங்கவிடுங்கள்.

நாங்கள் கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள். முதலாமிடம் வருபவருக்குத் தங்கப் பதக்கம் வைக்க விரும்புகிறோம். நல்லதுதானே?

மனம் நல்லது. ஆனால் முதலாம் பிள்ளைக்கு ஏற்கனவே பதக்கமும் கேடயமும் வைக்க அலுமாரி போதாது. இன்னொரு பதக்கம் அந்தப் பிள்ளையின் படிப்பில் எதையும் மாற்றாது.

அதே காசை இப்படிப் போடலாம். ஒன்பதாம், பத்தாம் தரத்தில் ஐந்து ஆறு பேர் கொண்ட கலப்புக் குழுக்கள் விண்ணப்பிக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கோ ஊருக்கோ தேவையான ஒரு வேலையை அவர்களே தேர்ந்து, ஒரு தவணைக்குள் முடிக்க வேண்டும். மழைநீர்த் தொட்டியாக இருக்கலாம், கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு நேரமாக இருக்கலாம், மாணவர் கூட்டுறவுக் கடையாக இருக்கலாம். காசு குழுவின் பெயரில் வரும், இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆசிரியரும் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம். பிழை விட இடம் கொடுங்கள். தொட்டி ஒழுகினால் அடுத்த தவணை திருத்தக் காசு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதிலுக்கு விழாவோ பெயர்ப் பலகையோ கேட்காதீர்கள். இரண்டு பக்கத்தில் அவர்களே எழுதிய அறிக்கை கேளுங்கள்: என்ன செய்தோம், எவ்வளவு செலவு, எங்கே சண்டை வந்தது, எப்படித் தீர்த்தோம். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வெறுமையாக வந்தால் திருப்பி அனுப்புங்கள்.